ஊறுகா அண்ணாச்சியின் உப்பு

தென்காசியில் பிறந்தவர்களிலேயே அதிக உப்புத் தின்றவர் எங்கள் ஊறுகா அண்ணாச்சிதான். மறுப்பவர்கள் தாராளமாக என்னோடு சண்டைக்கு வரலாம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மரக் கம்பெனியில் அவர் டைப்பிஸ்ட், நான் குமாஸ்தா. மற்றவர்கள் சோற்றுக்கு ஊறுகாய் தொட்டுக்கொள்வார்கள். அண்ணாச்சி ஊறுகாய்க்குச் சோறு தொட்டுக்கொள்வார். மோரில் ஒரு கைப்பிடி கல்லுப்பு. ஆபீஸ் பசை டப்பா ஒன்றுதான் அவரிடம் தப்பியது.

இவ்வளவு தின்றும் ஆள் இளைத்துக்கொண்டே போனார். நாற்காலியை விட்டு எழுந்தால் தலைசுற்றி, திரும்பவும் நாற்காலியிலேயே விழுவார். சோம்பேறி என்று முதலாளி திட்டினார். போதாததற்கு, நல்ல சிவப்பாக இருந்த மனிதர், வெயிலே படாத ஆபீஸில் உட்கார்ந்தபடி நாளுக்கு நாள் கறுத்தார்.

"கார்பன் பேப்பர் ஒடம்புல ஏறிட்டு அண்ணாச்சி" என்றேன்.

கேலியோடு நின்றிருக்கலாம். வைத்தியமும் சொன்னேன். எங்கள் பக்கம் எந்த நோய்க்கும் இரண்டே மருந்து: உப்பில்லாப் பத்தியம், குற்றால அருவி.

"ஒரு மண்டலம் உப்ப நிறுத்துங்க. தெனம் அருவியில தலையக் குடுங்க. கறுப்பு தன்னால போயிரும்."

நம்பினார், பாவம். நான்காம் நாள் அருவியடியில் அப்படியே சரிந்தார். ஈரத் துண்டோடு வாடகைக் காரில் போட்டுத் தென்காசி டாக்டரிடம் கொண்டுபோனேன்.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்து முகம் சுளித்தார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ஜோசியமும் தெரியும் போல என்று நினைத்தேன். ரேகையெல்லாம் கறுப்பு. வாயைத் திறந்தால் ஈறும் கறுப்பு.

"முன்னாடி சயரோகம் வந்துச்சா?"

"வந்து கொணமாயிட்டுய்யா" என்றார் அண்ணாச்சி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

"நெஞ்சுல கொணமாச்சு. சிறுநீரகத்துக்கு மேல ரெண்டு சுரப்பி இருக்கு, அதக் கெடுத்துட்டுப் போயிருக்கு. அதான் ஒடம்புல உப்பு தங்கல, தோலும் கறுத்துட்டு. ஒடம்பே கேட்டு வாங்கித் தின்னுருக்கு. அத நிறுத்தச் சொன்ன மடையன் யாரு?"

நான் சுவரிலிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தேன்.

"நானாத்தான்யா நிறுத்துனேன்" என்றார் அண்ணாச்சி.



உப்பு நீரை நரம்பில் ஏற்றினார்கள். கெட்டுப்போன சுரப்பிக்குப் பதிலாகக் கார்ட்டிசோன் மருந்து கொடுத்தார்கள். ஆயுள் முழுக்க மாத்திரை, ஒரு நாள் விட்டாலும் உயிருக்கு ஆபத்து, காய்ச்சல் வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அடுத்த மாதமே டைப்ரைட்டர் சடசடத்தது.

அதன்பிறகு ஆபீஸ் திறந்ததும் என் முதல் வேலை, "மாத்திர போட்டாச்சா அண்ணாச்சி?" என்று கேட்பதுதான்.

"போட்டாச்சுலே! எம்பொண்டாட்டியே இப்படி அரிக்க மாட்டா. ஒனக்கென்னலே வந்துச்சு?"

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கிடையாது. அந்தத் திட்டை வாங்க அவர் வீட்டுக்கே போய்விடுவேன்; வாங்காமல் எனக்குச் சோறு இறங்காது.