இடது கைத் தேங்காய்

அந்த ஒரு வாரம் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று சவரியப்பன் தீர்மானம் செய்திருந்தார்.

பதினெட்டு வருஷமாகக் கரண்டு மீட்டர் ரீடிங் எடுக்கிறவர். கள்ளக்குறிச்சியைச் சுற்றி அவர் ஏறாத வாசற்படி இல்லை, அவரைப் பார்த்துக் குரைக்காத நாயும் இல்லை. இப்போதெல்லாம் நாய்களே அலுத்துப்போய்ப் படுத்தபடிதான் குரைத்தன. அவருடைய கால்கள் இரண்டும் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டன. அதற்கான உத்தரவுதான் சர்க்காரிடமிருந்து இன்னும் வரவில்லை.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறந்த அன்று, இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்றார்கள். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, தபால் இல்லை. ரேடியோவில் வந்த சேதி எதுவும் நன்றாயில்லை. ஊர் பயந்து கதவைச் சாத்திக்கொண்டது. சவரியப்பனுக்கும் பயம்தான். ஆனாலும் கிராமத்துக்குப் போக வழியில்லை, ரீடிங் எடுக்க வேண்டாம் என்று ஆபீசில் சொன்னதும் அவருக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்துவிட்டது.

"ஊரே நின்னு போயிருக்குது லூசி. நாமளும் கொஞ்சம் நிப்போம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

லூசி இடுப்பில் காலிக் குடத்தோடு நின்றிருந்தாள். "நீங்க எங்க நின்னீங்க, உக்காந்துகினு இல்ல இருக்கீங்க" என்றாள். "சும்மாதான இருக்கீங்க. நாளைக்கு அந்த மனைய ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்."

அந்த மனை ஊருக்கு வெளியே, சங்கராபுரம் ரோட்டில் இரண்டு மைல் தள்ளி இருந்தது. போன வருஷம் வரைக்கும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைந்த கொல்லை. தரகர் தெய்வசிகாமணி அதில் நாற்பது கல்லை நட்டு, சுண்ணாம்பு அடித்து, பூஞ்சோலை நகர் என்று போர்டு வைத்துவிட்டார். பூவும் கிடையாது, சோலையும் கிடையாது. "இங்கதான் பஸ் ஸ்டாண்டு வருது, அங்க ஆஸ்பத்திரி வருது" என்று அவர் கை நீட்டிய இடத்தில் எல்லாம் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

சவரியப்பனுக்கு இப்போதிருக்கும் வாடகை வீடு போதும். ஆபீஸ் பக்கத்துத் தெரு. டீக்கடை எதிர்வாசல். நாற்காலியில் இருந்தபடியே ஒரு விரலைத் தூக்கினால் டீ வந்துவிடும். மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவர் கட்சி.

லூசிக்கு வேண்டியது தண்ணீர். வீட்டுக்காரம்மா பச்சையம்மாள் ஒரு நாளைக்கு எட்டுக் குடம்தான் என்று கணக்கு வைத்திருந்தாள். எட்டாவது குடம் மேலே வந்ததும் கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவாள். இரண்டு பிள்ளைகள், சமையல், துணி, குளியல், எல்லாம் அந்த எட்டுக்குள். பதினாலு வருஷமாக லூசி தலைக்குக் குளிக்கும் நாளில் சவரியப்பனின் சட்டை துவைக்காமல் கிடக்கும்.

"மனை ஆறாயிரம் சொல்றான். நம்ம கிட்ட இருக்கறது அஞ்சு" என்றார் சவரியப்பன்.

"கேட்டா கொறைப்பாரு."

"அவனா? நிழலக்கூட கொறைக்க மாட்டான். அங்க ஒரு கரண்டு கம்பம் கூட இல்ல."

"கம்பம் நடறது உங்க ஆபீசுதான?"

"நடுவாங்க. அவங்க எப்ப நட்டு, நாம எப்ப போறது."

"இன்னாங்க, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். தண்ணி இருக்குதான்னு மட்டும் பாப்போம். பாவாட அண்ணன வரச் சொல்லியிருக்கேன். தண்ணி இருந்துச்சின்னா என் சங்கிலிய வித்தாவது அந்த ஆயிரத்தப் போட்டுடறேன். இல்லன்னா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். மாதா சத்தியம்."

மாதா பெயரைச் சொன்னால் லூசி மீறமாட்டாள். சவரியப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக அவர் கால்கள் தாமாகவே செருப்பைத் தேடின.

பாவாடை ஊர்க்கோடியில் இருந்தார். கிணறு வெட்டுவதற்கு முன்னால் நீரோட்டம் பார்த்துச் சொல்கிறவர். குடுமியோடு ஒரு தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். அடியில் தண்ணீர் ஓடும் இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். சுற்றுவட்டாரத்தில் அவர் சொல்லித் தோண்டிய கிணறு எதுவும் வறண்டதில்லை. அவர் வீட்டுக்கு ரீடிங் எடுக்கிறவரும் சவரியப்பன்தான்.

"நாளைக்கு தேங்கா எழும்பக் கூடாது, பாவாட."

"பொய் சொன்னா கை செத்துப்பூடும் சார். எங்கப்பா சொல்லி வெச்சிருக்காரு."

"பொய் எதுக்கு? எழும்பலன்னு ஒரு வார்த்த. அவ்ளோதான். எனக்கு கால் வலி, பாவாட. தெனம் ரெண்டு மைல் போயி ரெண்டு மைல் வர முடியாது."

சவரியப்பன் நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். நீட்டும்போதுதான் அதன் ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் 4417 என்று எழுதியிருப்பதைப் பார்த்தார். அரிசி மில் ரீடிங். நோட்டுப் புத்தகம் கைக்கு வராதபோது கிடைத்ததில் குறித்துக்கொள்வது அவர் வழக்கம். நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு நோட்டைக் கொடுத்துவிட்டார். "எழும்பலன்னுதான, சொல்லிடறேன்" என்றார் பாவாடை.

மறுநாள் சனிக்கிழமை. ரோட்டில் மூன்று இடத்தில் புளியமரம் கிடந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பையன்கள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். தண்ணி பார்க்க என்று லூசி சொன்னதும், "பாத்து ஏறுங்கக்கா" என்று கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். சவரியப்பனுக்கு யாரும் கைகொடுக்கவில்லை. அவர் மரத்தின் மேல் வயிற்றால் தவழ்ந்து அந்தப் பக்கம் விழுந்தார். மூன்றாவது மரத்தில் வேட்டியும் கிழிந்தது.

தெய்வசிகாமணி குடை பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பாவாடை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தேங்காயை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் முதுகைச் சொறிந்தபடி கிழக்கும் மேற்குமாக நடந்தார். தேங்காய் படுத்த படுக்கையாகக் கிடந்தது. மனுஷன் வாங்கிய காசுக்கு ஒழுங்காக நடக்கிறான் என்று சவரியப்பன் நினைத்துக்கொண்டார்.

"தேங்கா எழும்பலீங்க" என்றார் பாவாடை, நாலு பேருக்குக் கேட்கும்படியாக.

தரகரின் குடை கொஞ்சம் சாய்ந்தது. லூசி எல்லைக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எட்டு கொடந்தான் எனக்கு எழுதி வெச்சிருக்குது" என்றாள்.

சவரியப்பனுக்கு மனசு சுருக்கென்றது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பனைமரத்து நிழலுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டார். தூரத்தில் லூசியும் தரகரும் ஏதோ வாக்குவாதம் செய்வது கேட்டது. பாவம், ஆற்றாமையில் சண்டை போடுகிறாள் என்று நினைத்தபடியே தூங்கிவிட்டார். அவள்தான் வந்து எழுப்பினாள். "போலாம்" என்றாள், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அவள் மனையைப் பற்றி வாயே திறக்கவில்லை. சவரியப்பன் நாற்காலியில் இருந்தார், டீ வந்தது, எல்லாம் அவர் நினைத்தபடி நடந்தது. ஆனாலும் லூசி குடத்தோடு முன்னால் போகும்போதெல்லாம் அவரையும் அறியாமல் எண்ணினார். அஞ்சு, ஆறு, ஏழு. செவ்வாய்க்கிழமை பொறுக்க முடியாமல் எழுந்துபோய்த் தானே தண்ணீர் இறைத்தார். இரண்டு குடம் தாங்கினார். மூன்றாவதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. லூசி தைலம் தேய்த்துவிட்டாள். அவள் கை இதமாக இருக்க இருக்க அவருக்குக் குற்ற உணர்ச்சி கூடிக்கொண்டே போனது.

அடுத்த வியாழக்கிழமை பஸ் ஓடியது. முதல் பஸ்ஸின் ஹாரனோடு தெய்வசிகாமணியும் வந்துவிட்டார்.

"அம்மா கேட்ட வெலைக்கே முடிச்சிட்டேன் சார், அஞ்சாயிரம். ஆளு வராத வாரம், அதுல தண்ணியில்லாத மனைன்னு பேரு வேற கெளம்பிடுச்சி. நான் இன்னா பண்றது." ஒரு காகிதத்தை நீட்டினார். "முன்பண ரசீது. அன்னிக்கு நீங்க பனமரத்தாண்ட தூங்கிக்கினு இருந்தீங்களா, அம்மாவே குடுத்துட்டாங்க. நூத்தியொண்ணு. அந்த நூறு ரூபா நோட்ட நான் செலவு பண்ணல சார். செவப்புல நாலு நாலு ஒண்ணு ஏழுன்னு எழுதியிருந்துச்சி. ராசியான நம்பரு, பெட்டியில வெச்சிட்டேன்."

சவரியப்பன் ரசீதை வாங்கிக்கொண்டார். தரகர் டீ குடித்துவிட்டுப் போகும் வரைக்கும் அரிசி மில் மீட்டரே கண்முன் சுற்றிக்கொண்டிருந்தது.

"லூசி" என்றார் கடைசியில். "தண்ணியில்லாத எடத்த வாங்கி இன்னா பண்ணப்போற?"

"தண்ணி பதினெட்டு அடியில இருக்குதாம்."

"யாரு சொன்னது?"

"பாவாட அண்ணன்தான். மறியலுக்கு முந்தின திங்கக்கெழமயே கூட்டிகினு போயி பாத்துட்டேன். வலது கையில வெச்சாரு பாருங்க, தேங்கா துள்ளிகினு எழுந்துச்சி."

"அன்னிக்கு எழும்பலன்னு சொன்னானே."

"எடது கையில வெச்சா அவருக்கு எப்பவும் எழும்பாது. அண்ணன் பொய் சொல்ல மாட்டாரு. நீங்க குடுத்துட்டு வந்ததும் அந்த நோட்ட நேரா எங்கிட்டதான் கொண்டாந்து குடுத்தாரு. இன்னா பண்றதுன்னு கேட்டாரு. அவரு சொன்ன மாறியே சொல்லுங்கண்ணேன்னேன்."

"மாதா சத்தியம் பண்ணியே."

"தண்ணி இல்லன்னா பேச மாட்டேன்னு பண்ணேன். இருக்குதே."

சவரியப்பன் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆயிரம் ரூபாயைக் குறைத்துக்கொடுத்தவரும் அவரே, முன்பணம் கட்டியவரும் அவரே. கால்கள் இரண்டும் இப்போதே இரண்டு மைல் நடந்துவிட்டதுபோல வலித்தன.

லூசி எட்டாவது குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். இரண்டடி போனவள் திரும்பி நின்றாள்.

"தண்ணி பாத்ததுக்கு பாவாட அண்ணனுக்கு இன்னும் கூலி குடுக்கல. நூறு ரூபா. எழுதாத நோட்டா பாத்து குடுங்க."