சேறு, பாறை, ஓடை: மூன்றுக்கும் ஏற்ற வாகனம்

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்ததே, பிற்காலத்தில் ஒரு குழு உட்கார்ந்து எந்தச் சக்கரம் உயர்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத்தான். கல் குவாரிக்கு மேலே இருந்த குடியிருப்பில் இந்தப் பேருண்மையை முதலில் உணர்ந்தவன் நெட்டையன். அவனுக்கு அப்போது வலது கால் உடைந்திருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் குவாரியில் கல் சரிந்து அவன் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. ஆஸ்பத்திரியோ அடிவாரத்தில். நடுவே களிமண் சரிவு, பாறைக்காடு, ஓர் ஓடை. சரிவுக்குச் சாலையும் ஓடைக்குப் பாலமும் கேட்டுக் குடியிருப்பு மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை சலித்திருந்தது. இலாகா தீர ஆராய்ந்தது. சாலையே தேவைப்படாத ஆம்புலன்ஸ் வாங்கிவிட்டால் சாலை எதற்கு? உடனே 'கரடுமுரடு நில வாகன ஒப்பீட்டுக் குழு' பிறந்தது.

நெட்டையனின் நல்ல நேரம், குழு அப்போது மேலேயேதான் இருந்தது. காய்ந்த தரையில் இரண்டு வண்டிகளோடு ஏறி வந்து குவாரி முதலாளியின் பங்களாவில் தங்கியிருந்தது. இரவு மழை கொட்டியதும், "இப்பத்தான் நிலம் தகுதி பெற்றது" என்று தலைவர் மகிழ்ந்தாராம். ஒரு வண்டியின் பெயர் 'காட்டெருமை'. அதன் விற்பனையாளர் சேற்றைப் பார்த்து உருகினார். மற்றது 'மலைப்பூனை'. அதை விற்க வந்தவர் பாறைகளைச் சொந்தப் பிள்ளைகள் மாதிரித் தட்டிக்கொடுத்தார்.

விடிந்ததும் நெட்டையனின் மனைவி ஓடிப்போய்த் தலைவரிடம் கெஞ்சினாள். அவர் இரக்க சுபாவம் உள்ளவர். கட்டில் வரைக்கும் வந்து காலைப் பார்த்தார்.

"வருத்தமாத்தான் இருக்கும்மா. ஆனா வண்டியில ஏத்த நோயாளி ஏற்கெனவே இருக்காரு."

வெளியே அலுவலக எழுத்தர் ஒருவர் இரண்டு காலிலும் வெள்ளைத் துணி சுற்றி, காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் 'மாதிரி நோயாளி'.

"அவருக்கு என்னங்கய்யா?"

"ஒண்ணுமில்ல. அதனாலதான் அவரைத் தேர்ந்தெடுத்தோம். உன் வீட்டுக்காரர் வலியில கத்துவாரு. எந்த வண்டி அதிகமா குலுக்குதுன்னு புரியாமப் போயிடும்."

அவள் அழுதாள். தலைவர் மனம் இளகி விதியைத் தளர்த்தினார். "சரி, காட்டெருமையில கீழ போகட்டும். திரும்ப மேல கொண்டாந்து மலைப்பூனையில இறக்குறோம். ரெண்டுக்கும் ஒரே கால் இருந்தாத்தான் நியாயம்."

உலகத்தில் நியாயம் வேண்டும் என்பதில் நெட்டையனுக்கும் ஆசைதான். அதைத் தன் காலிலிருந்து தொடங்க வேண்டாமே என்று நினைத்தான். அவன் மச்சினன் யாரோடும் வாதாடவில்லை. கயிற்றுக் கட்டிலின் இரண்டு பக்கமும் மூங்கிலைக் கட்டினான். நாலு பேர் தோள் கொடுத்தார்கள்.

"மச்சான், கண்ணை மட்டும் மூடிடாத. நாலு பேர் தூக்கிட்டு வர்றதைப் பாத்து எதிர்ல வர்றவன் அழ ஆரம்பிச்சுடுவான்."

நெட்டையன் கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். அதனால் எல்லாவற்றையும் பார்த்தான். காட்டெருமை சரிவில் கதவு வரை புதைந்து கிடந்தது. 'நிலத்தோடு ஒன்றும் தன்மை' என்று அதன் விற்பனையாளர் விளக்கிக்கொண்டிருந்தார். மலைப்பூனை இரண்டு பாறைகளுக்கு நடுவே மாட்டி, நாலு சக்கரமும் காற்றில் சுழல நின்றது. டயர் தேயவே தேயாது என்றார் அதன் ஆள். உள்ளே மாதிரி நோயாளி கூரையில் மூக்கை இடித்துக்கொண்டு, அன்றுதான் பதவிக்கு முழுத் தகுதி பெற்றிருந்தார்.

கட்டில் இரண்டையும் தாண்டிப் போயிற்று. தலைவர் வழுக்கி வழுக்கிப் பின்னால் ஓடி வந்தார்.

"ஏம்ப்பா, இதுக்கு எரிபொருள்?"

"சோறுங்கய்யா," என்றான் மச்சினன்.

"தரையிலேருந்து எவ்வளவு உயரம்?"

"தோள் உசரம்."

"பிரேக்?"

"மச்சான் கத்துனா நிப்போம்."

ஓடையில் இடுப்பளவு தண்ணீர். கட்டில் நனையாமல் கரையேறியது. டாக்டர் காலைக் காப்பாற்றினார். ராத்திரியே வந்திருந்தால் கோணாமல் சேர்ந்திருக்கும் என்றும் சொன்னார். கால் குட்டையாகிவிட்டது. குவாரி வேலை போயிற்று.

குழுவின் முடிவு வந்தது. மூன்று வகை நிலத்திலும் கட்டிலே முதலிடம். இவ்வளவு சிறந்த வாகனம் குடியிருப்பிடம் ஏற்கெனவே இருப்பதால் புதிய ஆம்புலன்ஸ் தேவையில்லை. சாலையோ பாலமோ போட்டால் அந்த வாகனத்தின் அருமை கெட்டுவிடும் என்பதால் அவையும் இல்லை. அறிவுக்கு இதைவிட ஓர் உச்சம் உண்டா?

பாராட்டுச் சொல்லத் தலைவரே நேரில் புறப்பட்டு வந்தார். மறுபடியும் மழை. ஓடை பெருகிக் கிடந்தது. கீழ்க்கரையில் நின்று, 'வாகனத்தை' அனுப்பச் சொன்னார். நாலு பேர் போய் அவரை மரியாதையாகக் கட்டிலில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். நடு ஓடையில் ஒரு பெரிய பாறை. கட்டிலை அதன் மேல் இறக்கி வைத்துவிட்டு, நாலு பேரும் மேல்கரைக்கு ஏறி வந்து பீடி பற்றவைத்தார்கள்.

"என்னப்பா ஆச்சு?"

"வண்டி நின்னுபோச்சுங்கய்யா," என்றான் மச்சினன்.

"ஏன்?"

"எங்களுக்கு என்னங்க தெரியும்? குழு வெச்சுத்தான் பாக்கணும்."

தலைவர் இந்தப் பக்கம் பார்த்தார், தண்ணீர். அந்தப் பக்கம் பார்த்தார், தண்ணீர். அவர் செருப்பு ஒன்று மிதந்து போனது.

"ஏம்ப்பா, இத்தனை பேர் இருக்கிற ஊருக்கு ஒரு பாலம்கூடவா இல்ல? யாருப்பா இதுக்குப் பொறுப்பு?"

பெரிய அதிகாரியை முகத்துக்கு நேரே குற்றம் சொல்வது மரியாதை இல்லை. கரையில் நெட்டையன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, ஊன்றுகோலைத் தூக்கி, பேசாமல் அவரைச் சுட்டிக்காட்டினான்.