இரண்டு நிமிடம் ஒன்பது விநாடி

கிட்ட வாங்க கண்ணுகளா, அந்தப் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு மனிதர் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

1957, மலாயா சுதந்திரத்துக்கு இன்னும் பதினோரு நாள். அங்குள்ள கிளப்பின் நீச்சல் குளத்தைக் கழுவும் மருதமுத்துவுக்கு இரவில் தூக்கம் போயிருந்தது. குளத்தோரம் ஒரு பலகை. அதில் 'குளத்தின் சாதனை, வில்மட் துரை, 1931, 2 நிமிடம் 9 விநாடி' என்று எழுதியிருக்கும். பத்தொன்பது வருடமாக அந்தப் பெயரைத் தினமும் துடைத்தவர் அவர். அடுத்த திங்கட்கிழமை கிளப்பின் புது மண்டபச் சுவரில் பலகையைச் சிமெண்டு பூசிப் பதித்துவிடுவார்கள். அதற்குள் நம் ஆள் ஒருவன் பெயர் ஏறாவிட்டால், கொடி மாறினாலும் தான் துடைப்பது வெள்ளைக்காரத் துரையைத்தான் என்று மருதமுத்து புலம்பினார்.

தபால் கந்தோர் குமாஸ்தா பொன்னுதுரையைப் பிடித்தார். கடலில் குளித்து வளர்ந்த பையன், கிளப்பில் உறுப்பினரும்கூட. ஆனால் அந்த இரண்டு நிமிடம் ஒன்பது விநாடிக்கு குளத்தில் எத்தனை நீளம் நீந்த வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய ஏடுகள் எல்லாம் ஜப்பான்காரன் காலத்தில் எரிந்து போயின. செயலாளர் ராஜரத்தினம் மூன்று நாள் யோசித்து, நாலு நீளம் என்று முடிவு கட்டினார். ஞாயிறு மாலை நாலரைக்குப் போட்டி என்றும் எழுதி ஒட்டிவிட்டார்.

அதைக் கேட்டதும் பொன்னுதுரையின் தாயார் சாரதாம்பாள் செமாபோக்கிலிருந்து மூன்று சக்கரப் பெச்சா வண்டி பிடித்து வந்து இறங்கினார்.

"ஞாயித்துக்கிழமை நாலரைலேருந்து ஆறு வரைக்கும் ராகுகாலம். எம் புள்ள தண்ணியில கால வைக்க மாட்டான்."

மருதமுத்துவுக்கு ஒரு யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம். "அம்மா, ஒங்க பஞ்சாங்கம் மெட்ராசுல அடிச்சது. அங்க நாலரைன்னா நமக்கு ஆறரை. அப்ப இங்க நாலரைக்கு ராகு ஏது?"

சாரதாம்பாள் தூணைப் பிடித்துக்கொண்டார். "அப்ப முப்பது வருசமா நான் பாத்த நேரமெல்லாம்? இவன் கல்யாணம்?"

விரல் மடக்கி இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். எந்தக் கணக்கு சரி என்று தெரியாததால் இரண்டு ராகுவுக்கும் பயப்பட வேண்டும். இந்த ஊர்க் கடிகாரப்படி ஆறு மணிக்கு ஒரு ராகு போகும், ஆறரைக்கு அடுத்த ராகு வரும். நடுவில் உள்ள அரைமணியில் பையன் நீந்தலாம்.

ராஜரத்தினம் தலையைச் சொறிந்தார். ஒவ்வொரு ஞாயிறும் ஆறு மணிக்கு மருதமுத்து கரையிலுள்ள வடிகால் சக்கரத்தைத் திருகிக் குளத்து நீரைத் திறந்துவிட்டு, திங்கள் காலையில் கழுவி நிரப்புவது வழக்கம். இந்த ஒரு வாரம் அரைமணி தள்ளித் திறப்பது என்று பேசி முடித்தார்கள். முதலில் தலையாட்டியவர் மருதமுத்து.

ஞாயிறும் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று சாரதாம்பாள் மகனின் இடுப்பில் புது அரைஞாண் கயிறு கட்டி, அதில் கோலிக்குண்டு அளவுக்குச் செப்புத் தாயத்து ஒன்றைத் தொங்கவிட்டார். ஆறு மணி அடித்தது. ராஜரத்தினம் ஸ்டாப்வாட்சை அமுக்கினார். பொன்னுதுரை ஆழமான பக்கத்தில் குதித்தான்.

மேலே வரவில்லை.

எல்லாரும் தண்ணீரையே பார்த்தார்கள். மருதமுத்துவும் பார்த்தார். கரையிலிருந்த ஏணியில் ஒரு படி புதிதாக வெளியே தெரிந்தது. நீர் ஏன் இறங்குகிறது என்று அவர் குழம்பினார். அப்புறந்தான் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். பத்தொன்பது வருடமாக ஆறு மணி அடித்ததும் செய்கிற வேலையை அவை தாமாகவே செய்து, வடிகால் சக்கரத்தை முழுக்கத் திறந்து வைத்திருந்தன. கீழே தாயத்து, இழுக்கிற நீரோடு போய் வடிகாலின் இரும்புக் கம்பிகளுக்குள் மாட்டிக்கொண்டது.

"ஐயா, வாட்ச நிறுத்துங்க," என்று மருதமுத்து கத்தினார்.

"சுவத்தத் தொடாம எப்படிய்யா நிறுத்துறது?" ராஜரத்தினம் நேர்மையானவர்.

மருதமுத்து சக்கரத்தைத் திருகி மூடினார். கயிறு அறுந்து பொன்னுதுரை மேலே வந்தான். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமியபோது ராஜரத்தினம் வாட்சை நிறுத்தினார். சாரதாம்பாள் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே, மெட்ராஸ் ராகுவையும் மலாக்கா ராகுவையும் சேர்த்துத் திட்டினார்.

"ரெண்டு நிமிசம் முப்பத்தோரு விநாடி. ஒரு நீளம்கூடப் போகல," என்று ராஜரத்தினம் எழுதிக்கொண்டார்.

மருதமுத்து ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாளை சிமெண்டு. இனி ஆயுசுக்கும் துரையின் பெயர்தான், அதுவும் தன் கையால் வந்த வினை. அழக்கூடத் தோன்றவில்லை.

குளத்து மூலையில் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள் பொன்னம்மா. துண்டு துவைக்க அவள் அந்தக் கிளப்புக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் வருடம். அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. அவளாகத்தான் வாயைத் திறந்தாள்.

"எதுக்குய்யா அழுவுற மாதிரி ஒக்காந்திருக்க? வில்மட் தொரைக்கு நீச்சலே தெரியாது. தண்ணிக்கடியில மூச்சடக்கிக் கெடந்ததுக்குத்தான் அந்தப் பலகையே." ராஜரத்தினம் தான் எழுதிக்கொண்ட நேரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

உங்கள் வீட்டில் எல்லாருக்கும் மூச்சு நீளமாக இருக்கட்டும், கண்ணுகளா. உலையில் அரிசி குறையாமல் இருக்கட்டும்.