இழுப்பில்லாத ஊர்

ஊரில் ஆஸ்துமா ஒழிந்தது! மருந்தாலா? சேச்சே, செம்பு வளையத்தால்!

ஒழித்தவர் மூச்சரசர். பட்டம் யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள், அவரே எடுத்துக்கொண்டார். அவர் மண்டபத்தின் முன் விடிந்ததும் வரிசை. சொல்கிற விலைக்கு வளையம் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: நோயின் பெயரை உச்சரிக்கக் கூடாது. உச்சரித்தால் அது ஓடோடி வந்துவிடுமாம். எவ்வளவு மரியாதை தெரிந்த நோய்!

பிறகு அவருடைய சீடர்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். முச்சந்தியில் பலகை எழுந்தது: "போன வருடம் நூற்றுக்குப் பத்துப் பேர். இந்த வருடம் பூஜ்யம்!"

சுகாதார நிலைய நர்ஸுக்குத் தலை சுற்றியது. சில வருடங்களுக்கு ஒருமுறை அதே தெருக்களில் கணக்கெடுப்பவர் அவர். லாரியும் புழுதியும் பெருகப் பெருக எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்தது. இந்த வருடம் அவர் கணக்கில் நூற்றுக்குப் பதிமூன்று. அது எப்படி அங்கே பூஜ்யமாகும்?

விடை அவருடைய தம்பியிடம் இருந்தது. தம்பி, காருக்கு பெயிண்ட் அடிக்கிறவன். அக்கா பட்டறைக்குப் போனபோது, கவிழ்த்த டப்பா மேல் உட்கார்ந்து தோள் குலுங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா, இழுக்குதா?"

"அதெல்லாம் போயிடுச்சுக்கா. இது... வேற மூச்சு."

"வேற மூச்சா? எந்தக் கடையில வாங்கின? ஆஸ்துமாக்காரன்..."

"ஐயோ, பேரைச் சொல்லாதக்கா!"

"உன் இன்ஹேலர் எங்க?"

"தூக்கிப் போடச் சொன்னாரு. போட்டுட்டேன்."

"கணக்கெடுக்க வந்தவங்க என்ன கேட்டாங்க?"

"அந்த நோய் இருக்கான்னு கேட்டாங்க. இல்லன்னேன். இருக்குன்னு சொன்னா வந்துடுமே!"

அக்காவுக்கு விளங்கிவிட்டது. அவர் படிவத்தில் நோயின் பெயரே கிடையாது. "நெஞ்சுல விசில் சத்தம் கேக்குதா? இருமி இருமித் தூக்கம் கெடுதா?" என்றுதான் கேட்பார். அதற்கு ஊரே உண்மை சொல்லியிருக்கிறது.

தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் மருந்து கொடுத்தார். உதட்டில் நீலம் மறைய அரை மணி நேரம் ஆனது. அதுவரை அக்கா அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் மண்டபத்தில் வெற்றி விழா. காது கிழிய ஒலிபெருக்கிப் பாட்டு. மேடையெங்கும் சாம்பிராணிப் புகை. சட்டையில் மைக் குத்திக்கொண்டு மூச்சரசர் முழங்கினார்: "இந்த மண்டபத்தில் ஒரு நோயாளி உண்டா?"

நர்ஸ் எழுந்தார். "ஐயா, ஒரு சின்ன சோதனை. பாட்டை நிறுத்துங்க. எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாம இருக்கட்டும்."

மாட்டேன் என்று மகான் எப்படிச் சொல்வது? பாட்டு நின்றது.

முதலில் ஒரு இருமல். அப்புறம் மூன்றாம் வரிசையில் ஒரு விசில். ஜன்னலோரம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மண்டபமே புல்லாங்குழல் கச்சேரி!

"உங்களுக்குமா?"

"அப்ப உங்களுக்கும்?"

மூச்சரசருக்கு முகம் வெளுத்தது. புகை வேறு. "தியானம்... செய்து... வருகிறேன்" என்று திரைக்குப் பின்னால் ஓடினார். ஓடியவர் மைக்கை மறந்துவிட்டார்.

ஒலிபெருக்கியில் குலுக்கும் சத்தம். அப்புறம், புஸ்ஸ்ஸ்!

அந்த இன்ஹேலர் சத்தம் தெரியாத காது அங்கே ஒன்றுகூட இல்லை.

மறுபடியும், புஸ்ஸ்ஸ்!

"ரெண்டு பஃப்!" என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர். "டாக்டர் சொன்ன அளவு தப்பல!"

தம்பி எழுந்து நின்றான். "எனக்கு ஆஸ்துமா இருக்கு!" என்று கத்தினான். கூரை இடியவில்லை. "எனக்கும்!" என்றாள் ஒரு தையல்காரி. அப்புறம் எண்ணி மாளவில்லை. மூச்சரசர் கொல்லைப்புற வழியாகப் போனவர்தான்.

மறுநாள் சுகாதார நிலையத்தில் தெருமுனை வரை வரிசை. "ஒரே நாள்ல ஊருக்கே நோய் வந்துடுச்சே, அவர் சாபமா இருக்குமோ?" என்றார் வரிசையில் நின்ற பெரியவர், வளையத்தைத் தடவியபடி.

மூச்சு விடுவது புழுவுக்கும் தெரியும். கேள்வி கேட்பது மனிதனுக்கு மட்டும்தான் தெரியும். அதையும் விற்று வளையம் வாங்கினால், ஐயா, மிச்சம் என்ன இருக்கிறது?