ஒரு மணிக்கு லைன் கிடைக்காத காரணம்

ஒத்தக்கடை,
14-7-87

பூனாவில் உத்தியோகம் பார்க்கும் அன்பு மகன் தவசிக்கு அப்பா கருத்தக்கண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மா செல்லத்தாயும் கழுத்துவலி நீங்கலாக சுகம். உன் சுகத்துக்கும் மருமகள் சுகத்துக்கும் கள்ளழகர் பொறுப்பு.

நீ கோபமாக எழுதிய கார்டு கிடைத்தது. கார்டில் எழுதியதால் அது போஸ்ட்மேனுக்கும் கிடைத்தது. "என்னண்ணே, மகன் ஒரு மணிக்குக் கூப்பிட்டா தெனம் லைன் எங்கேஜாமே, அப்படி யாருகிட்டதான் பேசுறீக?" என்று தெருவில் வைத்தே கேட்டுவிட்டார். உன் ஆபீசில் எல்லோரும் சாப்பிடப் போகும் அந்தக் கால்மணி நேரந்தான் உனக்கு எஸ்.டி.டி. போடத் தோது, எட்டு வருஷம் காத்திருந்து போன் வாங்கியது எதற்கு என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படி.

போன் வந்த அன்றைக்கு உன் அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, புதுத்துண்டு போட்டு மூடினாள். பதினோரு நாள் அது வாயே திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் மதியம் ஒரு மணிக்கு அடித்தது. நீதான் என்று நான் விழுந்தடித்து ஓடினேன். யாரோ ஒரு பெண்பிள்ளை. "வணக்கம் சார், உங்க வீட்டுல தூசித் தொந்தரவு இருக்குங்களா?" என்றாள். மேலூர் ரோட்டில் வீட்டைக் கட்டிக்கொண்டு இல்லை என்று பொய் சொல்ல முடியுமா? "இருக்கு தாயி, ஒனக்கு எம்புட்டு வேணும்?" என்றேன். தூசி உறிஞ்சுகிற மிஷின் விற்கிறாளாம். வேண்டாத போன் வந்தால் டக்கென்று வைத்துவிடுங்கள் என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் முப்பது வருஷம் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். டிக்கெட் எடுக்காதவனைக்கூட எந்த ஊர், யார் மகன் என்று விசாரிக்காமல் இறக்கிவிட்டதில்லை. அதனால் மிஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாய்ப்பழக்கத்தில் "சாப்பிட்டியாத்தா?" என்று கேட்டுவிட்டேன். விற்கிற குரலை விட்டுவிட்டு, "இன்னும் இல்லய்யா" என்றாள்.

பேர் பாண்டியம்மாள். திருப்பரங்குன்றத்துப் பிள்ளை. அப்பன் இல்லை, இவள் சம்பளத்தில்தான் தம்பி தங்கச்சி படிக்குதுகள். கோரிப்பாளையத்தில் ஒரு மாடியில் ஆபீஸ். டைரக்டரியை வைத்துக்கொண்டு வரிசையாகக் கூப்பிட வேண்டும், இருபது பேராவது கடைசிவரை கேட்ட பிறகுதான் சோறு. கடைசிவரை யார் கேட்கிறார்கள், பாதிப் பேச்சிலேயே வைத்துவிடுகிறார்கள், சாப்பிட நாலு மணி ஆகிவிடுமாம். காதில் போன் இல்லாமல் மானேஜர் கண்ணில் பட்டால் சீட்டுக் கிழிந்துவிடும். எனக்கு மனசு கேட்கவில்லை. "நீ போனைக் கழுத்துல இடுக்கிக்கிட்டு, டிராயருக்குள்ள டிபனைத் தொறந்து சாப்பிடு தாயி. நான் வைக்கமாட்டேன்" என்றேன். இவ்வளவுதான் மகனே விஷயம். தினம் ஒரு மணிக்கு அவள் சாப்பிடுவாள், நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கழுத்துவலி வந்த கதை இதுதான். மானேஜர் அந்தப் பக்கம் நடந்தால் வாய் நிறையச் சோற்றோடு "மூணு பிரஷ் கூட வருது சார், ஒரு வருசம் கேரண்டி சார்" என்பாள். நானும் சத்தமாக "அப்படியா, நல்ல மிஷினா இருக்கே" என்பேன். நான் சொல்வது மானேஜருக்குக் கேட்காது என்பது நாலு நாள் கழித்துத்தான் உறைத்தது.

ஒரு வார்த்தை பேசாமல் கால்மணி நேரம் போனைக் காதில் வைத்திருக்கிறவனைப் பார்த்தால் எந்தப் பொம்பளைக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். "யாரு அது?" என்றாள் உன் அம்மா. "பாண்டியம்மா." "என்ன சொல்றா?" "ஒண்ணும் சொல்லல, சாப்பிடுறா." அப்புறம் ரெண்டு நாள் எனக்கு வெறும் ரசம்தான். மூணாம் நாள் போனைப் பிடுங்கி, "யாருத்தா நீ? என்ன கொழம்பு?" என்று அதட்டினாள். தினமும் புளிச்சோறு, தொட்டுக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பிவிட்டாள். "இம்புட்டு நாளா அந்தப் புள்ளகிட்ட இதக்கூடக் கேக்காம என்னத்தப் புடிச்சுக்கிட்டு நின்னீக?"

மறுநாள் தூக்குவாளி நிறையக் கருவாட்டுக் குழம்பு வைத்து, டவுன் பஸ் கண்டக்டர் வீரணன் கையில் கொடுத்தனுப்பினாள். நான் பழக்கின பையன், பொறுப்பானவன். பொறுப்பாக மாடி ஏறி, அங்கே இருந்ததிலேயே பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் "ஒத்தக்கடையிலருந்து பாண்டியம்மாளுக்கு" என்று கொடுத்துவிட்டு வந்துவிட்டான். அது மானேஜர். டெலிபோனில் மிஷின் விற்கிற பிள்ளைக்கு எந்தக் கஸ்டமர் கருவாட்டுக் குழம்பு அனுப்புவான் என்று போன் கணக்கு நோட்டைப் புரட்டியிருக்கிறார். தினம் ஒரே நம்பர், தினம் கால்மணி நேரம், ஒரு மிஷின்கூட விற்கவில்லை. நாளைக்கு நானே அந்த வீட்டுக்கு நேரில் போகிறேன், விற்காவிட்டால் நீ வீட்டோடு இருந்துகொள் என்று சொல்லிவிட்டாராம். பிள்ளை போனில் அழுதாள். பிரியம் வச்சு ஒரு புள்ள பொழப்புல மண்ணப் போட்டுட்டமேன்னு இருந்துச்சு.

மானேஜர் மிஷினோட வந்தாரு. வந்தவரு சும்மா இல்லாம, ஓட்டிக் காட்டுறேன்னு வாசல்ல சுவிட்சப் போட்டாரு. அங்க காஞ்சுக்கிட்டிருந்த மோர்மிளகா அம்புட்டும் உள்ள போச்சு. மிஷின் பொகையாக் கக்க, தெருவே தும்முச்சு. ஒங்க அம்மா வெளிய வந்து பாத்தா. "அத அமத்திட்டுக் கையக் கழுவிட்டு வாங்க தம்பி, சோறு ஆறுது"ன்னா. மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டாரு மனுசன். மோருக்கு வரும்போது இவ ஆரம்பிச்சா. "மிஷின வச்சிட்டுப் போங்க, வாங்கிக்கிறோம். ஆனா அந்தப் புள்ளைகளுக்கு ஒரு மணின்னா ஒரு மணிக்குச் சோறு." அவர் சரியென்று சொல்லிவிட்டுத்தான் இலையை மூடினார்.

பாண்டியம்மாளுக்கு வேலை நிலைத்தது. மிஷின் கூடத்தில் இருக்கிறது, உன் அம்மா தினமும் விளக்குமாற்றால் அதன்மேல் படியும் தூசியைத் தட்டி வைக்கிறாள். இனி ஒரு மணிக்கு லைன் உனக்குத்தான். உள்ளதைச் சொல்கிறேன், எந்த நேரம் போன் அடித்தாலும் நீதான் என்று நினைத்துத்தான் ஓடுகிறோம். அவசியம் கூப்பிடு.

மருமகளுக்கு எங்கள் அன்பு. இருவரும் நோய்நொடி இல்லாமல் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஆசீர்வதிக்கும்
அப்பா.

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது மணி ஒன்று, போன் அடித்தது. நீதான் என்று ரெண்டு பேரும் ஓடினோம். மானேஜர். மெட்ராசிலிருந்து முதலாளி வந்து எதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறாராம், பிள்ளைகள் சாப்பிடப் போன நேரத்துக்கு இவரே போன் போட்டு விற்க வேண்டுமாம். காலையிலிருந்து பல்லில் பச்சைத்தண்ணி படவில்லையாம். "அண்ணே, ஒரு கால்மணி நேரம் வைக்காம இருக்கீகளா?" என்று கிசுகிசுத்தார். உன் அம்மா பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நான் இதை எழுதுகிறேன். முதலாளி எப்போது ஊருக்குப் போவார் என்று தெரியவில்லை. ஆகையால் மகனே, ஒரு மணிக்குக் கூப்பிடாதே, ரெண்டு மணிக்குக் கூப்பிடு. பக்கத்தில் உன் ஆபீசர் இருந்தால் நீயும் எதையாவது விற்கிற மாதிரியே பேசு. என்ன விற்றாலும் கடைசிவரை கேட்போம்.