இன்னொண்ணு அண்ணன் எழுப்பிய மோடம்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பிழைகளைப் பத்திரிகைக்காரர்களே திருத்திப் போட்டுக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

திருச்சியில் ஒரு பொருளை வாங்கத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். நாமெல்லாம் காசைக் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கி வருகிறவர்கள். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று மார்க்கெட்டில் யாருக்கும் தெரியாது. எந்தக் கடையில் எதை எடுத்துக் காட்டினாலும் "இன்னொண்ணு காட்டுங்க" என்பார். ஆகவே அவர் இன்னொண்ணு அண்ணன். நான் பக்கத்து மண்டியில் மூட்டை தூக்குகிறவன்.

குடை வாங்க வேண்டுமென்றால் மழை வரும்வரை காத்திருப்பார். மழை வந்ததும் குடைக்கடைக்குப் போய், கடைக்காரரையும் கூட இழுத்துக்கொண்டு, நடுத்தெருவில் குடைக்குள் நிற்பார். மழை விட்ட பிறகுதான் விலைப் பேச்சு. ஒருமுறை செருப்புக்கடையில் புதுச் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, "மலைக்கோட்டைப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வந்து சொல்றேன்" என்று கிளம்பிவிட்டார். கடைக்காரர் நம்பாமல் ஓர் ஆளைக் கூட அனுப்பினார். அந்த ஆள் திரும்பி வந்து கடை வாசலிலேயே படுத்துக்கொண்டார். அண்ணன் அடுத்த ஜோடியைக் கேட்டார். குக்கர் வாங்கிய அன்று பாத்திரக்கடையிலேயே சோறு பொங்கியது. கடையில் இருந்த அத்தனை பேருக்கும் மதியச் சாப்பாடு அங்கேதான். குழம்பு மட்டும் வெளியிலிருந்து வந்தது.

என் மகள் பி.காம். முடித்தாள். வீட்டிலிருந்தபடியே செய்கிற வேலை ஒன்றுக்கு மனுப் போட்டாள். வெளிநாட்டுக் கம்பெனி. வீட்டில் விட்டுப்போகாத நெட் இருக்க வேண்டும் என்பது அவர்கள் முதல் நிபந்தனை. எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டு. சுவர் கோட்டைச் சுவர் மாதிரி. போன் சிக்னல் வாசலோடு நின்றுவிடும். பிராட்பேண்ட் போட்டோம். கம்பி இழுத்தவர்கள், மோடம் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்கள். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அண்ணனிடம் போய் நின்றேன்.

மன்னார்புரத்தில் ஒரு கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்ததில் நாலு கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது. கொம்பு அதிகமானால் வேகம் அதிகம் என்றார்.

"வால் நீளமா இருந்தா வெங்காயம் எடை நிக்குமா தம்பி? இன்னொண்ணு காட்டுங்க."

மேசை நிறைந்தது. அத்தனையையும் ஒரே நேரத்தில் சொருகச் சொன்னார். கரண்ட் போய் வந்தால் எது தானாக எழுந்திருக்கும், எதை நாம் எழுப்ப வேண்டும் என்று தெரிய வேண்டுமாம். சுவிட்சை அணைப்பதும் போடுவதுமாக நின்றார். சிலது உடனே கண் விழித்தன. ஒன்று எழுந்திருக்கவே இல்லை. அதை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, பாவம், உடம்பு சரியில்லை என்றார். மற்றவற்றைச் சாப்பாட்டு நேரம்வரை ஓடவிட்டு, காய்ச்சல் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றின் மேலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். ரிப்பேர் என்றால் திருச்சியிலேயே பார்க்க ஆள் உண்டா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்டார். நான் ஒரு பெரிய விளம்பர அட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

கடைசியில் கடைக்காரர் கும்பிட்டுவிட்டார். அப்போதுதான் அண்ணன் தலைக்கு மேலிருந்த பலகையை அண்ணாந்து பார்த்தார். அங்கே தூசி படிந்த ஒரு மோடம் ஓடிக்கொண்டிருந்தது. கடையின் பில் மிஷினுக்கும் கேமராவுக்கும் அதுதான்.

"உங்க கடைக்கு இதைத்தானே வெச்சிருக்கீங்க? இதை ஏன் எங்களுக்குக் காட்டல?"

"அது சாதா ஐட்டம் சார். பார்க்க நல்லா இருக்காது."

"நாங்க என்ன அதுக்கு மாப்பிள்ளையா பாக்குறோம்? அதுலயே புதுசு ஒண்ணு குடுங்க."

இன்னொண்ணு என்று சொல்லாமல் அவர் ஒரு பொருளை வாங்கியதை அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அண்ணனுக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. அது ஆயுத பூஜை. காலையில் பூஜை முடிந்தால் மறுநாள் காலைவரை அவர் மண்டியில் எந்தச் சாமானும் அசையக்கூடாது. ஒரு வருஷம் பெரிய ஓட்டல்காரர் ஒருவர் வெங்காயம் கேட்டு வந்து மன்றாடினார். "தராசு தூங்குது" என்று சொல்லி, இரண்டு கையாலும் அள்ளி அவர் பையில் சும்மா போட்டு அனுப்பினார். தராசைத் தொடவில்லை.

மகளுக்கு நேர்காணல் பூஜைக்கு அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தார்கள். பூஜைக்கு முதல் நாள் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிள்ளை சம்பாதிக்கப் போகிற சாமான் பூஜையில் இருக்க வேண்டாமா என்று மோடத்தைக் கழற்றிக்கொண்டு போனார். மறுநாள் காலை அவர் மண்டியில், தராசுக்கும் மூட்டை இழுக்கும் கொக்கிக்கும் நடுவில் அது சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வந்திச் சரத்தோடு உட்கார்ந்திருந்தது. பொரி சாப்பிட்டுவிட்டு நான் வீடு வந்தேன்.

மத்தியானம் மகளுக்குப் போன் வந்தது. நேர்காணலை இன்றைக்கே மாற்றிவிட்டார்கள், நாலு மணிக்கு. அவர்கள் ஊரில் ஆயுத பூஜை கிடையாது. வாசலில் நின்று போனிலேயே வீடியோ போட்டுப் பார்த்தாள், படம் நின்று நின்று போனது. "அப்பா, இது போனா அவங்க திரும்பக் கூப்பிட மாட்டாங்கப்பா" என்றாள். அவள் அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

காட்டூரில் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டாயா என்றார். ஆச்சு என்றேன். மோர் குடி என்றார். குடித்தேன். வடை எடுத்துக்கொள் என்றார். எடுத்துக்கொண்டேன். வருஷக்கணக்காக அவர் மீறாத ஒன்றை, நான் போய் மீறச் சொல்வதா? வடையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"என்னடா, வடையை எடை பாத்துட்டு இருக்க? வந்த விஷயத்தைச் சொல்லு."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவர் பாயசம் அப்படியே இருக்க எழுந்து கை கழுவினார், சட்டையை மாட்டினார், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார்.

மண்டி ஷட்டர் பாதி ஏறும்போதே எதிர்க்கடை எண்ணெய்க்காரர் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே, தராசு முழிச்சிருச்சா?"

"தூங்குதுய்யா. சத்தம் போடாத."

செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, தூங்குகிற குழந்தைகளுக்கு நடுவே நடப்பதுபோல் உள்ளே போனார். மோடத்தின் முன் கைகூப்பி நின்றார். பிறகு அதன் காதருகில் பேசுவதுபோல் மெல்லச் சொன்னார். "எந்திரிப்பா. கோவிச்சுக்காத. நம்ம பிள்ளைக்கு வேலை. நாளைக்குச் சேத்துத் தூங்கிக்க."

ஆட்டோவில் அவர் மடியில் பூவோடு அது வந்தது. காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. இறங்கி நடந்துவிடலாமா என்று நான் துடித்தேன். அவர் ஒரு கையால் மோடத்தையும் மறு கையால் என் முழங்காலையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அவரே சொருகினார். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. நெட் வந்ததைக் காட்டும் கடைசி விளக்கு மட்டும் எரியவில்லை. அவர் முகம் வெளுத்தது. என் மனைவி சாமி படத்தைப் பார்த்தாள். தப்புச் செய்துவிட்டோம் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

"பெரியப்பா, நெட் வந்துருச்சு" என்றாள் மகள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

குங்குமம் அந்த விளக்கின் மேலேயே அப்பியிருந்தது. அண்ணன் கட்டைவிரலால் துடைத்தார். பச்சையாக மின்னியது. விரலில் ஒட்டிய குங்குமத்தை என்ன செய்வது என்று ஒரு நொடி பார்த்தார். பிறகு மகளின் நெற்றியில் வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டார். பேட்டி முடியும்வரை அங்கேயே, தெருவில் போகிற ஸ்கூட்டர்களை ஹாரன் அடிக்காதே என்று கையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வேலை கிடைத்துவிட்டது. மகள் இப்போது தினமும் உள் அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறாள்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தோறும் மோடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வருகிறார். வந்தவர் சமையலறை வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்கிறார். என் மனைவி தோசை ஊற்றுகிறாள், மகள் ஆபீஸ் கதை சொல்கிறாள், நான் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மோடம் இருப்பது உள் அறையில். அந்தப் பக்கம் அவர் திரும்பியதே இல்லை. நாங்களும் அதை அவரிடம் சொன்னதில்லை.

ஸ்ரீரங்கம், மார்கழி முதல் தேதி.