டேட்டன் நகரின் மூன்றாவது பெருமகன்

சுவரில் ஆணி மூன்று இருந்தது. பெரியவர்கள் இரண்டு பேர்தான் கிடைத்திருந்தார்கள்.

பொன்மலை ரயில்வே காலனி மனமகிழ் மன்றத்தின் கௌரவச் செயலாளர் ராசப்பனுக்கு வந்த சங்கடம் இதுதான். ஒர்க்‌ஷாப்பில் வந்து இறங்கியிருந்த புது அமெரிக்க மெஷினை ஓட்டிக் காட்டுவதற்காக வாட்கின்ஸ் என்று ஒரு துரை வந்திருந்தார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் வரவேற்பு. துரையின் சொந்த ஊர் அமெரிக்காவில் டேட்டன். பொன்மலை மாதிரியே புகைபோக்கியும் சங்கும் ஷிப்டுமாக உள்ள ஊர் என்று கேள்வி. அந்த ஊர் உலகத்துக்குக் கொடுத்த பெரியோர்களின் படங்களை மாட்டி, மாலை போட்டு, துரையைத் திகைக்க வைக்க வேண்டும் என்று மன்றத் தலைவர் சண்முகசுந்தரத்துக்கு ஓர் ஆசை பிறந்துவிட்டது. தலைவருக்கு ஆசை பிறந்தால் அதை வளர்த்து ஆளாக்குவது செயலாளரின் வேலை.

ரைட் சகோதரர்கள் சிரமம் கொடுக்காமல் கிடைத்தார்கள். ஆகாய விமானம் கண்டுபிடித்தவர்களின் படம் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருந்தது. ஒருவர் மீசைக்காரர், ஒருவர் வழுக்கை, அடையாளத்துக்கும் குழப்பமில்லை. அவர்கள் டேட்டனில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் என்ற செய்தி காலனிக்குள் பரவியதிலிருந்து, மார்க்கெட் பக்கம் சைக்கிள் கடை போட்டிருந்த சின்னையன் பஞ்சர் ஒட்டும்போது அடிக்கடி வானத்தைப் பார்க்க ஆரம்பித்தான். ஒட்டிய பஞ்சர் நிற்காமல் போனது.

"மூணாவது ஆணியைப் புடுங்கிடலாமா சார்?" என்று ராசப்பன் கேட்டார்.

"புடுங்கினா ஓட்டை தெரியும். ஆளைப் பிடிங்க," என்றார் தலைவர்.

ராசப்பன் டவுன் நூலகத்துக்குப் போய், தூக்கினால் மூச்சு வாங்கும் புத்தகங்களையெல்லாம் இறக்கிப் பார்த்து, ஒருவழியாக ஆளைப் பிடித்துவிட்டார். வேலையாட்கள் கல்லாவில் கைவைப்பதைத் தடுக்க முடியாமல், பெட்டியைத் திறந்தால் மணியடித்துக் காட்டிக்கொடுக்கும் இயந்திரத்தை உண்டாக்கிய ஒரு டேட்டன் கடைக்காரர். தலைவருக்கு ஆளை மிகவும் பிடித்துப்போய்விட்டது.

"கடைன்னா, என்ன கடை?"

"அது வந்துங்க சார்... சாராயக்கடை."

தலைவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். மதுவிலக்கு அமலில் இருக்கிற ராஜ்யத்தில், அரசாங்க ஊழியர்களின் மன்றத்தில், சாராயக்கடைக்காரர் படத்துக்குச் சந்தனம் வைப்பதா என்று வெகுநேரம் யோசித்தார். கடைசியில் படத்துக்குக் கீழே 'வணிகப் பெருமகன்' என்று மட்டும் எழுதுவதென்றும், என்ன வணிகம் என்று யாராவது கேட்டால் திரவப் பொருள் என்று சொல்லிக்கொள்வதென்றும் முடிவாயிற்று.

இனி ஒரே ஒரு குறைதான். புத்தகத்தில் பெருமகனின் படம் இல்லை.

படம் இல்லாத மனிதரை வைத்துக்கொண்டு என்ன பாடு படவேண்டியிருக்கும் என்பது ராசப்பனுக்குத் தெரியும். அவருடைய ஒரே மகன் மருதமுத்து, ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸாக இருந்தவன், முந்தின வருஷம் விஷக்காய்ச்சலில் போய்விட்டான். அவன் ஆயுளில் எடுத்தது ஒரே போட்டோ. அப்ரண்டிஸ் பையன்கள் எல்லாரும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்டது. போட்டோக்காரர் அசையாதே என்று சொன்ன அந்த நொடியில் எங்கோ ஓர் இஞ்சின் ஊதியிருக்கிறது. ரயில்வேக்காரன் பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டான். படத்தில் அவன் பங்குக்கு விழுந்தது ஒரு காதும் கொஞ்சம் பின்னந்தலையும்தான்.

ராசப்பனின் மனைவி வள்ளிக்கண்ணு அந்தக் காதுக்குப் பொட்டு வைத்து, படத்துக்கு மாலையும் போட்டு விளக்கேற்றினாள். மறுநாளே மற்றப் பையன்களின் அம்மாக்கள் திரண்டு வந்துவிட்டார்கள். உயிரோடு நடமாடுகிற தங்கள் பிள்ளைகளின் கழுத்துக்கும் சேர்த்து மாலை போட்டுவிட்டதாகச் சண்டை. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வள்ளிக்கண்ணு மாலையைக் கழற்றிவிட்டாள். அதற்கப்புறம் அவள் ஒரே ஒரு கவலையைத்தான் பேசினாள்.

"மொகம் மறந்துக்கிட்டே வருதுங்க. காது போட்டோவுல இருக்கு, அது போவாது. மூக்கு நேத்து போயிடுச்சு. நீங்க சொல்லுங்க, மூக்கு எப்படி இருக்கும்?"

ராசப்பன் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டு, மன்றத்தில் வேலை இருக்கிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மன்றத்தில் அன்றைக்கு ஒரு வேலையும் இல்லை.

பாலக்கரையில் அப்துல் ரஹீம் என்று ஒரு பெயிண்டர். சோப்பு விளம்பரம், லாரி முதுகு, கட்சித் தலைவர், காளியம்மன் என்று எது கேட்டாலும் பலகையில் இறக்கிக் கொடுப்பவர். ரைட் சகோதரர்களை ஒரே நாளில் முடித்துவிட்டு, மூன்றாவது பலகையையும் கரியையும் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

"மூஞ்சி எப்படிங்க இருக்கும்?"

பொதுவாக ஒரு துரை மாதிரி போடுங்கள் என்று சொல்லத்தான் ராசப்பன் போயிருந்தார். வாயிலிருந்து வந்தது வேறு.

"நெத்தி அகலமா இருக்கும் பாய். புருவம் ரெண்டும் சேர்றாப்ல வந்து சேராது. சிரிச்சா ஒரு பக்கம் மட்டும் கன்னத்துல குழி விழும்."

"வயசு?"

"பத்தொம்பது," என்றார் ராசப்பன். சாராயக்கடை முதலாளிக்கு அது கொஞ்சம் குறைந்த வயது என்பது அவருக்கே தெரிந்தது. அப்துல் ரஹீம் கரியை ஓட்ட ஆரம்பித்தார்.

மூக்கை மட்டும் ராசப்பன் சொல்லவில்லை. அவர் ரோட்டுப் பக்கம் திரும்பி, போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் கரி உரசுகிற சத்தம் நிற்கவில்லை. அவர் திரும்பிப் பார்த்தபோது மூக்கு வந்திருந்தது. அதற்குக் கீழே, ஏதோ சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்ட உதடுகளும் வந்திருந்தன. கோட்டும் கழுத்துப்பட்டையும் போட்டுக்கொண்டு மருதமுத்து உட்கார்ந்திருந்தான்.

"இவருதானே?"

"இவருதான் பாய்," என்றார் ராசப்பன். அன்று பொன்மலைக்குச் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார்.

அவர் போட்ட கணக்கு சுலபமானது. வரவேற்பு முடிந்ததும் மன்றத்துக்கு அந்தப் படம் தேவைப்படாது. வீட்டுக்கு எடுத்துப் போய்க் கோட்டின்மேல் சட்டையை எழுதச் சொன்னால் தீர்ந்தது. இருந்தாலும், தன் கண்ணை நம்பி அவ்வளவு தூரம் போக அவருக்குத் தைரியமில்லை. வள்ளிக்கண்ணு பார்த்துச் சொல்லட்டும் என்று, அவளிடம் ஒன்றும் சொல்லாமல் விழாவுக்குக் கூட்டிப் போனார். ஒரு வருஷத்துக்கு மேல் வாசற்படி தாண்டாத பெண்.

விழாவில் மூன்று படங்களுக்கும் சந்தனமும் குங்குமமும் மாலையும் போட்டிருந்தது. மூன்று பேரும் போய்ச் சேர்ந்தவர்கள் என்பதால் யாருடைய அம்மாவும் சண்டைக்கு வரவில்லை. தலைவர் ரைட் சகோதரர்களைப் பற்றி விரிவாகவும், மூன்றாமவரைப் பற்றிச் சுருக்கமாகவும் பேசினார். பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த வள்ளிக்கண்ணு எழுந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மூன்றாவது படத்தின் முன்னால் போய் நின்றாள். கன்னத்தைத் தொட்டாள். அப்புறம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

கண்ணில் நீர் முட்டியபோதும் ராசப்பனுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. முகம் கிடைத்துவிட்டது.

வாட்கின்ஸ் துரை பதறிப்போய் அந்த அம்மாள் ஏன் அழுகிறார் என்று கேட்டார். தலைவருக்குக் காரணம் தெரியாது. தெரியாது என்று சொல்லுகிற வழக்கமும் கிடையாது. தங்கள் ஊர்ப் பெரியவர்களின் மறைவை எங்கள் மக்கள் இன்றும் தாங்கிக்கொள்ளவில்லை என்று இங்கிலீஷில் சொன்னார். துரைக்குக் கண் கலங்கிவிட்டது. படத்தை வெகுநேரம் பார்த்தார். அப்படியே உரித்து வைத்திருக்கிறது, எங்கள் ஊரில்கூட இவருக்கு இவ்வளவு நல்ல படம் நான் பார்த்ததில்லை என்றார்.

இதைக் கேட்டபின் எந்தத் தலைவரால் சும்மா இருக்க முடியும்? படம் அங்கேயே துரைக்கு அன்பளிப்பாக அறிவிக்கப்பட்டது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

ராசப்பன் மறுப்பு சொல்லத்தான் எழுந்தார். செயலாளர் எழுந்தால் நன்றியுரை என்பது மன்றத்தின் வழக்கம். மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் தலைவருக்கும், துரைக்கும், பெயிண்டருக்கும், பந்தல்காரருக்கும் நன்றி சொன்னார். பிறகு படத்தைப் பத்திரமாகக் கட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். பழைய வேட்டியைச் சுற்றி, சணல் போட்டு, மூலைகள் உடையாமல் வைக்கோல் கொடுத்து அவரே கட்டினார். கட்டு நன்றாக அமைந்திருந்தது.

வீட்டில் வள்ளிக்கண்ணு சத்தம் போடவில்லை.

"முன்ன காய்ச்சல் கொண்டுபோச்சு," என்றாள். "இப்ப நீங்களே கட்டிக் குடுத்துட்டு வந்துட்டீங்க."

மறுநாள் விடிந்ததும் ராசப்பன் சைக்கிளை எடுத்தார். துரை ஸ்ரீரங்கம் பார்க்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். காவேரிப் பாலத்தில் எதிர்காற்று. பாதியில் கட்டாமல் நின்றுபோன மொட்டைக் கோபுரத்துக்கு அடியில், சட்டையெல்லாம் வியர்வையாக, கேமராவும் கையுமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த துரையைக் கண்டுபிடித்தார். பக்கத்தில் நின்ற ஜீப்பின் பின்சீட்டில் வேட்டி சுற்றிய கட்டு இருந்தது. அதைப் பார்த்ததும், வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த இங்கிலீஷ் ராசப்பனைவிட்டுப் போய்விட்டது. அவருடைய இங்கிலீஷ் நன்றியுரைக்கு மட்டுமே பழகியது.

படம், என் மகன், தயவுசெய்து என்ற மூன்று செய்திகளை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

துரை நல்ல மனிதர். உடனே புரிந்துகொண்டார். பர்சைத் திறந்து, தன்னுடைய போட்டோ ஒன்றை எடுத்து, பேனாவையும் எடுத்து, பையன் பெயர் என்ன என்று கேட்டார்.

ராசப்பன் ஜீப்பில் இருந்த கட்டைப் பார்த்தார்.

"மருதமுத்து," என்றார்.

ஓர் எழுத்து விடாமல் கேட்டுக் கேட்டு, தன் சிரித்த முகத்துக்குக் குறுக்கே, 'என் இளம் நண்பன் மருதமுத்துவுக்கு' என்று துரை எழுதிக் கொடுத்தார். பையன் நன்றாகப் படிக்கவேண்டும் என்றும் சொல்லச் சொன்னார். ஜீப்பில் இருந்த கட்டைத் தட்டிக் காட்டி, இதை எங்கள் ஊரில் எல்லாரும் பார்க்கும்படியான இடத்தில் மாட்டவைப்பேன் என்று வாக்கும் கொடுத்தார். ராசப்பன் நன்றி சொன்னார்.

மகனின் படத்தை வாங்கப் போன மனிதர், மகனின் பெயர் எழுதிய ஒரு வெள்ளைக்காரர் படத்தோடு வீடு திரும்பினார். வள்ளிக்கண்ணு அதை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தாள். கோபப்படக்கூட அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"அந்தப் பாய் இன்னொண்ணு வரைய மாட்டாரா?" என்று மட்டும் கேட்டாள்.

இந்தச் சுலபமான வழி தனக்குத் தோன்றாமல், காற்றில் ஸ்ரீரங்கம்வரை மிதித்ததை நினைத்து ராசப்பன் வெட்கப்பட்டார். அன்று சாயங்காலமே இரண்டு பேரும் பாலக்கரைக்குப் போனார்கள்.

"அந்த மூணாவது படம் பாய். அதே மொகம்தான். கோட்டு மட்டும் வேணாம், அரைக்கைச் சட்டை போதும்."

அப்துல் ரஹீம் தலையாட்டிவிட்டுப் பலகையை எடுத்தார். இந்தத் தடவை அவர் நெற்றியைக் கேட்கவில்லை, புருவத்தைக் கேட்கவில்லை. கரி தானாக ஓடிற்று. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்த வள்ளிக்கண்ணு, மூக்கு வந்து சேர்ந்தபோது கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனேதாங்க," என்றாள். "நான் மறந்துட்டேன்னு நெனச்சேன். மறக்கலை."

ராசப்பன் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். அன்றைக்குத்தான், ஒரு வருஷத்துக்குப் பின், அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

உள்ளேயிருந்து பெயிண்டரின் மனைவி ரஷீதா இரண்டு கிளாஸ் டீயோடு வந்தாள். ராசப்பனிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதை வள்ளிக்கண்ணுவிடம் நீட்டும்போது பலகையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு புருஷன் காதில் விழாதபடி குனிந்து, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"தப்பா நெனச்சுக்காதீங்க அக்கா, யாரு வந்து எந்த மொகத்தைச் சொன்னாலும், இவுங்க கைக்கு மௌத்தாப் போன எங்க மவன் காதரு மொகம் ஒண்ணுதான் வரும்."